வாரக் கூட்டத்துக்கு ட்ரெல்லோ: தேங்கிய வேலையைக் காட்டும் போர்டு

பத்துப் பேருக்குள் இருக்கும் ஒரு குழு தன் வாரக் கூட்டத்தை ட்ரெல்லோவை மட்டும் வைத்து நடத்த முடியுமா? தாராளமாக முடியும். எங்கள் சிறு பதிப்பகக் குழுவில், பிரதி கைக்கு வருவதில் தொடங்கிப் புத்தகம் அச்சகத்துக்குப் போவது வரை எல்லா வேலையையும் அதில்தான் ஏற்றியிருக்கிறோம். திங்கட்கிழமைக் கூட்டம் அந்தப் போர்டைப் பெரிய திரையில் போட்டுத்தான் தொடங்குகிறது. அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே போதாமல் போகிறது என்று பார்ப்போம்.

நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்பதை, யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அந்த மென்பொருள் காட்ட வேண்டும். பெரும்பாலான வாரக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தான் செய்ததை ஒப்பிப்பதற்கே நேரம் போய்விடுகிறது. நடந்துகொண்டிருக்கும் வேலையை யாரும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை, படித்துக்கொள்ளலாம். நின்றுபோன வேலைக்குத்தான் நாலு பேர் ஒன்றாக உட்கார வேண்டும்.

ட்ரெல்லோ 2011இல் நியூயார்க்கின் ஃபாக் கிரீக் சாஃப்ட்வேர் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. 2017இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் அதை 425 மில்லியன் டாலருக்கு வாங்கியது. டொயோட்டா ஆலைகளில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறைதான் இதன் அடிப்படை. ஒரு போர்டு, அதில் இடமிருந்து வலமாகச் சில லிஸ்ட்டுகள், ஒவ்வொரு லிஸ்ட்டிலும் கார்டுகள். வேலை முன்னேறினால் கார்டை அடுத்த லிஸ்ட்டுக்கு இழுத்துவிட வேண்டும். புதிதாகச் சேருபவருக்குச் சொல்லித்தர வேண்டியது இவ்வளவுதான்.

எங்கள் லிஸ்ட்டுகள்: பிரதி வந்தவை, எடிட்டிங், மெய்ப்பு, லேஅவுட், அச்சகம், முடிந்தவை. மெனு ஆங்கிலத்தில் இருக்கிறது. லிஸ்ட்டின் பெயர், கார்டு, கமென்ட் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறோம், தேடினாலும் கிடைக்கிறது. ஒரு கார்டுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு தேதி என்று விதி வைத்திருக்கிறோம். இரண்டு பேரை ஒரே கார்டில் சேர்க்க ட்ரெல்லோ அனுமதிக்கிறது. ஆனால் கூட்டத்தில் "இது யார் கையில இருக்கு?" என்று கேட்கும்போது ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் போர்டை வலமிருந்து இடமாகப் பார்க்கிறோம். முடியும் தறுவாயில் இருப்பதை முதலில் தள்ளிவிட்டால் பின்னால் இருப்பவற்றுக்கு வழி பிறக்கும். கெடுவுக்கு 24 மணி நேரம்கூட இல்லையென்றால் தேதி மஞ்சளாகிறது, தாண்டிவிட்டால் சிவப்பு, முடித்ததாகக் குறித்தால் பச்சை. கீபோர்டில் எஃப் எழுத்தை அழுத்தினால் ஃபில்டர் திறக்கும். கெடு தாண்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் மற்ற கார்டுகள் மறைந்துவிடும். மீதமிருக்கும் அந்தச் சில கார்டுகள்தான் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'கார்டு ஏஜிங்' என்ற பவர்-அப், அதாவது போர்டில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி. யாரும் தொடாத கார்டு ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம் என்று படிப்படியாக மங்கிக்கொண்டே போகும். மொழிபெயர்ப்பு நூல் ஒன்றில் ஒரு பழைய புகைப்படத்துக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கார்டுக்கு யாரும் கெடு போடவில்லை. அதனால் சிவப்பும் வரவில்லை, ஃபில்டரிலும் சிக்கவில்லை. லேஅவுட் லிஸ்ட்டில் மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, அது மட்டும் வெளிறிக் கிடந்தது. எங்கள் லேஅவுட் கலைஞர்தான் கவனித்தார். "அக்கா, இந்தப் படத்துக்கு நீங்க கேட்பீங்கன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார் எடிட்டரிடம். அவரோ இவர் கேட்பார் என்று இருந்திருக்கிறார். அங்கேயே ஒருவர் பெயரைப் போட்டு, கெடுவையும் குறித்து, அடுத்த கார்டுக்குப் போனோம். ஒப்பிக்கும் கூட்டத்தில் இது வெளியே வந்திருக்காது. தன் வேலை என்று நினைக்காத ஒன்றை யாரும் ஒப்பிப்பதில்லை.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. "பார்க்கிறேன்" என்று ஒரு கமென்ட் போட்டாலே கார்டு மறுபடி பளிச்சென்று ஆகிவிடும். வேலை நகர்ந்ததா, பேச்சு மட்டும் நகர்ந்ததா என்று ட்ரெல்லோவுக்குத் தெரியாது.

ஆட்டோமேஷனில் மூன்று விதிகள் வாரக் கூட்டத்துக்குப் போதும். கார்டு 'முடிந்தவை' லிஸ்ட்டுக்கு வந்தால் கெடுவும் முடிந்ததாகக் குறிக்கப்பட வேண்டும். 'தடை' என்ற சிவப்பு லேபிள் ஒட்டினால் கார்டு லிஸ்ட்டின் உச்சிக்குப் போக வேண்டும். ஞாயிறு இரவு முடிந்த கார்டுகளெல்லாம் தனி லிஸ்ட்டுக்கு மாற வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவரும் பட்டன்களைத் தேர்ந்தெடுத்தே இவற்றை அமைத்துவிடலாம்.

குறைகளில் பெரியது, ட்ரெல்லோ இன்றைய நிலையைக் காட்டுமே தவிர, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தொகுத்துச் சொல்லாது என்பது. கடந்த வாரம் அசைந்த கார்டுகளை ஃபில்டரில் பிரித்தெடுக்கலாம். ஆனால் மெய்ப்பிலிருந்து எடிட்டிங்குக்குத் திரும்பிப்போன கார்டைக் கண்டுபிடிக்க, அதைத் திறந்து நடவடிக்கைப் பதிவை வரிவரியாகப் படிக்க வேண்டும். பின்னோக்கிப் போன வேலைதான் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது. அதற்கென்று ஒரு அடையாளம் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இன்னொன்று, அட்டைப்படம் முடிந்தால்தான் அச்சகத்துக்கு அனுப்ப முடியும் என்பதுபோல ஒரு வேலை இன்னொன்றைச் சார்ந்திருப்பதை ட்ரெல்லோ தானாகப் புரிந்துகொள்ளாது. ஒரு கார்டின் இணைப்பை இன்னொன்றில் ஒட்டிவைக்கலாம். முதல் கெடு தள்ளிப்போனால் இரண்டாவதையும் நாம்தான் கையால் மாற்ற வேண்டும்.

செலவைப் பார்ப்போம். இலவசத் திட்டத்தில் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு 10 பேர், 10 போர்டுகள், மாதம் 250 ஆட்டோமேஷன் ஓட்டங்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் ஸ்டாண்டர்டு ஓர் ஆளுக்கு மாதம் 5 டாலர், பிரீமியம் 10 டாலர். செக்லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் தனிப் பொறுப்பாளரும் கெடுவும் போடும் வசதி ஸ்டாண்டர்டில் கிடைக்கிறது. காலண்டர், டைம்லைன், டாஷ்போர்டு வேண்டுமென்றால் பிரீமியம்தான்.

உங்கள் குழுவில் வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோவின் 'ப்ராஜெக்ட்ஸ்' பொருத்தமாக இருக்கும். அதில் கான்ட் சார்ட்டும் சார்பு வேலைகளும் உண்டு. மேலிடத்துக்கு வாராவாரம் நிலை அறிக்கை அனுப்பவேண்டியவர்களுக்கு ஆசானா நல்லது. திட்டம் சரியாகப் போகிறதா, ஆபத்தில் இருக்கிறதா, தடம் மாறிவிட்டதா என்று நிறத்தோடு எழுதி அனுப்ப அதில் தனி இடமே இருக்கிறது. மென்பொருள் எழுதும் குழுவென்றால் ஜிரா. மற்றவர்களுக்கு அதன் அமைப்புகளைக் கற்றுக்கொள்வதே தனி வேலையாகிவிடும்.

பத்துப் பேருக்குள், ஒரே வரிசையில் நகரும் வேலை என்றால் ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்திலேயே தொடங்குங்கள். கார்டு ஏஜிங்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலைக்குள் அவரவர் கார்டை அவரவர் நகர்த்திவைக்க வேண்டும் என்பதை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். அது ஒரு மாதம் நடந்தால், எந்தச் சந்தா தேவை என்று போர்டைப் பார்த்தே முடிவெடுக்கலாம். நடக்கவில்லையென்றால் பிரீமியத்துக்குக் காசு கட்டாதீர்கள். பழைய கார்டுகளை எந்தப் பார்வையில் அடுக்கினாலும் கிடைப்பது பழைய செய்திதான்.