மஞ்சள் திரையின் குமிழ்

வர்ஜீனியா வுல்ஃபின் தன்னறிவை அளக்க விரும்புவோர், 1977 முதல் 1984 வரை 5 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நாட்குறிப்புகளையே பெரும்பாலும் நாடுவர். ஆயினும், கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரையின் வாழ்க்கை வரலாற்றை எழுதிச் சலித்திருந்த 1939 ஏப்ரலில், இளைப்பாறுதலாகத் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு நவம்பரோடு நின்றுபோன ‘கடந்த காலத்தின் கோட்டோவியம்’ என்னும் நினைவுக்குறிப்பே அவ்வகையில் மேலானது. நாட்குறிப்பில் அன்றைய மனம் அன்றே பதிவாகிவிடுகிறது. இங்கோ 57 வயதுப் பெண் ஒருத்தி, தான் நினைவுகூர்வதையும் நினைவுகூரும் தன்னையும் ஒருங்கே சோதிக்கிறாள்.

அச்சோதனையின் உச்சம் ஒரு சிறு பொருளில் உள்ளது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில், வுல்ஃப் பிறந்த ஸ்டீபன் குடும்பம் கோடைதோறும் தங்கிய டாலண்ட் இல்லத்தின் குழந்தைகள் அறையில், அரைத்தூக்கத்தில் கிடக்கும் சிறுமிக்கு மஞ்சள் திரைக்கு அப்பால் அலைகள் உடைவது கேட்கிறது. காற்றில் திரை உப்பும்போது, அதை இழுக்கும் கயிற்றின் நுனியிலுள்ள ஓக் காய் வடிவக் குமிழ் தரையில் உரசிக்கொண்டு நகர்கிறது. அலையோசையைக் கடற்கரைக்கே போகாதவரும் எழுதிவிடலாம். குமிழின் உரசலை அந்தக் கட்டிலில் கிடந்தவரால்தான் எழுத முடியும். பரவசம் என்று அவர் சொல்வதை வாசகர் நம்புவது அந்த உரசலால்தான்.

அன்றாடத்தின் பெரும்பகுதியைப் பஞ்சுப்பொதியாகவும், அதைக் கிழித்து வரும் திடீர் அதிர்ச்சிகளை ‘இருப்பின் கணங்கள்’, அதாவது வாழ்கிறோம் என்ற முழு உணர்வு விழிக்கும் நொடிகள் என்றும் வுல்ஃப் பிரித்தார். அண்ணன் தோபியோடு புல்வெளியில் அடித்துக்கொள்ளும்போது, மற்றொருவரை ஏன் வருத்த வேண்டும் என்று தோன்றி ஓங்கிய கை தாழ்ந்தது அவ்வாறான ஒரு கணம். இப்பகுதிகளை முன்பின் இன்றி நறுக்கிப் பொன்மொழிகளாக்கும் இன்றைய வழக்கம் வருந்தத்தக்கது. குமிழும் புல்வெளியும் நீங்கியபின் எஞ்சுவது வெறும் கருத்தே. நிகழ்ந்தவற்றை அடுக்கிவிட்டு, அவை யாருக்கு நிகழ்ந்தன என்பதை விட்டுவிடுவதே நினைவுக்குறிப்புகளின் குறை என்று அவரே சுட்டியிருந்தும், அக்குறை இன்றைய தன்வரலாறுகளில் பெருகியே உள்ளது.

முற்றுப்பெறாத, திருத்தப்படாத படைப்பு என்று இதை ஒதுக்கி, 1927-இல் வெளிவந்த ‘கலங்கரை விளக்கத்திற்கு’ நாவலின் செறிவை முன்வைப்போர் உண்டு. 13 வயதில் இழந்த தாயின் நினைவு அந்நாவலை எழுதியதோடு தம்மை ஆட்டிவைப்பது நின்றது என்று கூறும் வுல்ஃப், எழுதியதால் அது ஏன் மங்கவேண்டும் என்றும் கேட்கிறார். அக்கேள்விக்கு இடம் கொடுப்பது திருத்தப்படாத இந்த வடிவமே. முதல் நினைவாக அவர் தருவது, ஒரு பயணத்தில் தாயின் மடியிலிருந்து கண்ட ஆடைப் பூக்கள். அப்பயணம் செயின்ட் ஐவ்ஸை நோக்கியது என்று வைத்துக்கொண்டால் அடுத்த நினைவுக்குச் செல்வது எளிது. ஆனால் ஒளியைப் பார்த்தால் மாலைபோல் இருந்ததென்பதால், அவர்கள் லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கவே கூடும் என்று அவர் எழுதுகிறார்.