தோசைக்கல்லும் பிரேக் பேடும்

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்து, பண்ணாரியில் வண்டியை நிறுத்தினேன். கோயில் வாசலில் கற்பூர வாசனை. அதற்குள் இன்னொரு நாற்றமும் நுழைந்தது, பழைய செருப்பை அடுப்பில் போட்டாற்போல. என் முன்சக்கரங்களிலிருந்துதான். கடைசி நாலைந்து வளைவுகளில் பெடல் கல்லாக இறுகிக் கிடந்தது. மிதிக்க மிதிக்க வண்டி அடங்கவே இல்லை. மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்தவள், "எலுமிச்சம்பழம் நாலு கூடுதலா வாங்கிட்டேன், சக்கரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்றாள்.

மைசூரு விஜயநகரில் குடியிருந்துகொண்டு கோவையில் சொந்தபந்தம் வைத்திருப்பவனுக்குச் சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம்தான் பாதை. இரவில் காட்டுக்குள் போக்குவரத்துத் தடை என்பதால் பகலில், லாரிகளுக்கு நடுவில் இறங்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் என் மெக்கானிக்கிடம் போனேன். கொள்ளேகால்காரர், தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து பேசுவார். சக்கரத்தைக் கழற்றி, பேடை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பேட்ல தப்பில்லைங்க சார். ஊருக்குள்ள ஓட்டறதுக்கு இது தாராளம். நீங்க மலையில கியரைக் கொறைக்காம எல்லாப் பாரத்தையும் இது தலையிலயே ஏத்தியிருக்கீங்க."

உண்மைதான். ஆனாலும் பழைய பேட் தேய்ந்து மாற்றும் கட்டத்தில் இருந்தது. எப்படியும் மாற்றத்தான் போகிறோம், சூடு தாங்கும் ரகத்தையே போட்டுப் பார்ப்போமே என்று ஆசை வந்தது. அந்த ஆசைக்கு ஆன செலவும் அதில் கற்ற பாடமும்தான் இந்த விமர்சனம்.

வண்டியும் வெந்நீர்க் கணக்கும்

என்னுடையது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போர்ஷே வைத்திருப்பவரிடம் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பார். நடுத்தரக் குடும்பத்துக்காரன் கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் அடுப்பு, அவ்வளவுதான். இரண்டு பேர் ஏறிய நிலையில் என் வண்டி சுமார் 1,200 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒரு தடவை முழுதாக நின்றால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு பிறக்கிறது. 50-லிருந்து நின்றால் அதில் கால்வாசிதான். மலை இறங்குவது வேறு கணக்கு. சாமுண்டி மலை உச்சி மைசூரு நகரைவிட ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். அங்கிருந்து நியூட்ரலில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் ஒரு குடம் தண்ணீர் கொதிக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை உள்ளங்கை அகலத்தில் நாலு துண்டு பேடும் இரண்டு டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு காற்றில் விட வேண்டும். தாங்கும் அளவு மீறினால் பேடைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசின் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழுக்கல் உண்டாகும். பெடல் இறுகியிருந்தும் வண்டி நிற்காதது அதனால்தான்.

பெடல் இறுகாமல் பஞ்சு போலக் கீழே இறங்கினால் அது வேறு நோய்: பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறியபின் அந்தக் கொதிநிலை 155 வரை இறங்கலாம். விலை உயர்ந்த பேடைப் போட்டுவிட்டு நாலு வருஷ ஆயிலை அப்படியே விடுவது, புது வீடு கட்டிப் பழைய ஒயரிங்கை மாட்டுவதற்குச் சமம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எதை வாங்கினேன்

கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரே கம்பெனி மூன்று நாலு ரகம் விற்கிறது. பெயரைவிட ரகம்தான் முக்கியம். நான் எடுத்தது சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் நடுவிலான ரகம். விலை, ஒரிஜினல் பேடைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெட்டியில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐரோப்பாவின் ஆர்90 முத்திரை: ஒரிஜினல் பேடின் பிடியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற விதியில் தேறியதற்கு அடையாளம். இரண்டு, பேடில் அச்சடித்திருக்கும் இரட்டை எழுத்து. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், அடுத்தது கொதிக்கும் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்லும். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. என்னுடையது எஃப்ஜி. சூடேறினால் பிடி கூடும் பேர்வழி.

டிராக்குக்கென்றே செய்த ரகத்தைக் கடைக்காரர் ஆசை காட்டினார். மறுத்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ சுற்றுவதற்கு அது சரி. விஜயநகர் நாலாவது ஸ்டேஜிலிருந்து காலையில் பால் வாங்கப் போகிறவனுக்கு, சூடேறும் வரை பிடிக்காத பேட் ஆபத்து.

பிரேக் பேட் தொழிலின் ஆரம்பமே ஒரு செருப்புக் கதைதான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் மரக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்துச் சக்கரத்தில் முட்டுக்கொடுப்பதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-இல் ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கினார். நமக்கு அது புதிதல்ல. தேர்ச் சக்கரத்தில் முட்டுக்கட்டை செருகி, புகை கிளம்ப நிறுத்துபவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். திருவாரூர் ஆழித்தேருக்கே பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது.

மாட்டியது

வேலை ஒரு மணி நேரம். கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலில் டிஸ்க்கின் கனம். அதற்குக் கீழே தேயக் கூடாது என்ற குறைந்தபட்ச அளவை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், அளந்து பாருங்கள். அடுத்து, பழைய பேடின் படலத்தைத் தேய்த்தெடுப்பது. மெக்கானிக் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து, கிளீனர் அடித்துத் துடைத்தார். அதன்பின் அந்தப் பரப்பை என்னைத் தொடவே விடவில்லை, கை எண்ணெய் படுமாம். மூன்றாவது, பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்காமல் பார்ப்பது. பெயிண்டில் சிந்தினால் பெயிண்ட் போய்விடும்.

சக்கரம் மாட்டியதும் சாவியை வாங்கி ரிவர்ஸ் போடப் போனேன். ஜன்னலில் தட்டினார்.

"பம்ப் பண்ணுங்க சார், பம்ப் பண்ணுங்க!"

பெடலை மிதித்தேன். நேராகத் தரை வரை போயிற்று. இரண்டாவது மிதிக்குப் பாதி வழி. நாலாவதுக்குத்தான் நின்றது. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக் என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் தட்டாமல் இருந்திருந்தால், பின்னால் நின்ற ஸ்கூட்டர்மேல் ஏற்றியிருப்பேன்.

பழக்கியது

பெட்டியில் வருவது பாதி பேட்தான். மீதியை ரோட்டில் நாம்தான் செய்து முடிக்க வேண்டும். புது இரும்புத் தோசைக்கல்லை வாங்கிய அன்றே யாரும் மாவு ஊற்றுவதில்லை. எண்ணெய் தடவி, காய்ச்சி, வெங்காயத்தால் தேய்த்து, கருப்பாக ஒரு படலம் ஏறிய பிறகுதான் தோசை ஒட்டாமல் வரும். டிஸ்க்கும் அப்படித்தான். பேடின் சரக்கு மெல்லிய, சீரான படலமாக டிஸ்க்கில் ஏற வேண்டும். அதன்பின் பேட் உரசுவது இரும்போடு அல்ல, தன் சரக்கோடுதான். பிடி அங்கிருந்துதான் வருகிறது.

இதற்குப் பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே வேண்டாம். பின்னால் வருபவர் நம்மேல் ஏறிவிடுவார். ரிங் ரோட்டில் சிக்னல் அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஹுன்சூர் சாலையில் இலவாலா தாண்டிப் போனேன். முதலில் 50-லிருந்து 10 வரை, மிதமாக, பத்துத் தடவை. பிறகு கண்ணாடியில் பின்னால் யாருமில்லை என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு, 80-லிருந்து 20 வரை அழுத்தமாக எட்டுத் தடவை. ஒருமுறைகூட முழுதாக நிற்கக் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் சரக்கு திட்டாக ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் ஸ்டியரிங் நடுங்கும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்று புது டிஸ்க் வாங்க வைப்பது பெரும்பாலும் இந்தத் திட்டுதான்.

ஐந்தாவது தடவையில் நாற்றம் வந்தது, ஆறாவதில் மெல்லிய புகை. பெடலுக்கு வண்டி சற்றுக் குறைவாகவே அடங்கியது. பயப்படவில்லை. புது பேடின் பிசின் முதல் சூட்டில் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும். எட்டாவதில் பிடி திரும்பிவிட்டது. வேகமெடுத்து வேகமெடுத்து அடங்கும் காரைப் பார்த்த பால் வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "ஏனு சார், காடி கெட்டோய்த்தா?" என்றார். வண்டி கெடவில்லை, இப்போதுதான் திருந்துகிறது என்று அவருக்கு எந்தக் கன்னடத்தில் சொல்வது?

பிறகு பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். என் கைப்பிரேக் பின் டிரம்மில் வேலை செய்வதால் நிறுத்தியதும் போட்டுக்கொண்டேன். பின்னாலும் டிஸ்க் உள்ளவர்கள் அதையும் பழக்கியிருந்தால், நன்றாக ஆறும்வரை கைப்பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். குனிந்து பார்த்தேன். காலையில் எவர்சில்வர் தட்டாகப் பளபளத்த டிஸ்க்கில் சாம்பலும் நீலமும் கலந்த படலம், விளிம்புவரை ஒரே சீராக. பத்து, எட்டு என்ற இந்த எண்ணிக்கை என் பேடுக்கு உரியது. உங்கள் பெட்டியில் உள்ள தாளில் வேறு இருந்தால் அதுதான் வேதம்.

ஓட்டிப் பார்த்ததில்

முதல் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று முழு மிதி மிதித்தால் வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது. பழைய பேடிலேயே ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பிடி இருந்தது. அதற்குமேல் எல்லை டயரில் இருக்கிறது. ஒரே ஒரு அவசர நிறுத்தத்துக்காகப் பணம் செலவழிப்பதென்றால் நல்ல டயர் வாங்குங்கள்.

மாறியது வேறு. முதல் மிதிக்கும் பத்தாவது மிதிக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. சாமுண்டி மலையில் வேண்டுமென்றே டிரைவ் மோடில் இறங்கிப் பார்த்தேன். கடைசி வளைவிலும் பெடல் அதே இடத்தில், அதே பதிலைச் சொன்னது. காலின் அழுத்தத்துக்கு ஏற்ப அளந்து பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. மார்கழிக் காலையில் முதல் இரண்டு மிதிக்குப் பேட் இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. வெள்ளி நிற அலாய் வீல் மூன்றே நாளில் கரி பூசிக்கொள்கிறது. மெதுவாக நிற்கும்போது கீச்சிடுகிறது. புத்தாண்டன்று யோக நரசிம்மர் கோயிலில் லட்டு வாங்கக் கூடிய கூட்டத்தின் ஓரமாக ஊர்ந்தபோது, ஹாரன் அடிக்காமலே எனக்கு வழிவிட்டார்கள்.

யாருக்கு

வீடு, ஆபீஸ், கல்யாணம் என்று ஓட்டுபவர்களுக்கு இது தேவையே இல்லை. சென்னை பாடி, அம்பத்தூர் பக்கத்து ஆலைகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் சாதாரண ரகமே போதும். ஆனால் அதையும் பழக்கித்தான் ஆக வேண்டும். 50-லிருந்து மிதமாக இருபது முப்பது தடவை பிடித்தாலே பாதிக் குறை தீரும். அடிக்கடி மலை இறங்குபவர்களும் டிராக்குக்குப் போகிறவர்களும் நடு ரகத்தை வாங்கலாம். கூடவே புது ஆயிலுக்கும் காசு எடுத்து வையுங்கள்.

போன மாதம் மறுபடி திம்பம் இறங்கினேன். புது பேட், புது ஆயில். மெக்கானிக் பேச்சைக் கேட்டுக் கியரைக் கையால் இரண்டில் வைத்து இறங்கியதால், பேடுக்குப் பெரிய வேலையே இல்லை. இவ்வளவு செலவில்லாமல் போன தடவையே இதைச் செய்திருக்கலாம் என்று 27-ஆவது வளைவில் தோன்றியது. பண்ணாரியில் கற்பூர வாசனை மட்டும்தான். மனைவி இந்த முறையும் எலுமிச்சம்பழம் வாங்கினாள். பேட்தான் மாத்தியாச்சே என்றேன்.

"பேட் மாத்தினீங்க. காலை மாத்தலையே" என்றாள்.