இதணமும் வேட்டமும்

மானை மரத்தின்மேற் கட்டிய பரணில் மறைந்திருந்து எய்தல் தக்கதோ, நிலத்தில் அடிச்சுவடு பற்றிச் சென்று எய்தல் தக்கதோ என்னும் வழக்கு, வேட்டையை இன்றும் பொழுதுபோக்காகக் கொண்ட நாடுகளில் ஓயாது நிகழ்வதொன்று. வட அமெரிக்காவில் வெண்வால் மானை வில்லால் எய்வோருட் பலர் பரணையே விரும்புவர். மான் மோப்பத்தானும் செவியானும் பகையை உணரும் விலங்கு. தலைக்கு மேலே நோக்குதல் அதற்கு அரிது. உயரத்தில் இருப்பானது உடல்மணமும் பெரும்பாலும் அதன் மூக்கிற்கு எட்டாது மேலே கழியும். நிலத்தில் நடப்பானுக்கு இவ்வுதவிகளுள் ஒன்றும் இல்லை. ஆதலின் அவன் வேட்டையே வேட்டை என மற்றொரு சாரார் வாதிடுவர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியதனால் இவ்வழக்கிற்கு இடமில்லை. எனினும், சங்க இலக்கியம் பயில்வார்க்கு இஃது ஒழிந்துபோன வினா அன்று. குறிஞ்சித்திணையின் அமைப்பையே தொடுவதொரு வினாவாக உள்ளது.

இதணம், இதண், கழுது, பணவை என வரும் சொற்கட்கெல்லாம் 'பரண்' என ஒரே சொல்லாற் பொருள் எழுதிச் செல்லுதல் இன்று பெருவழக்கு. இப்பொருள் பிழையன்று, ஆயினும் போதாது. சென்னை யானைக்கவுனி போன்ற பழைய பகுதிகளிலிருந்து வரும் மாணவர்க்குப் பரண் என்பது வீட்டினுள் உடைந்த பாத்திரமும் பழம்பாயும் போட்டுவைக்கும் இடம். (ஊர்ப்பெயரில் யானை உண்டு, பரணில் இருந்து அதனை ஓட்டும் வேலைதான் இல்லை.) அதற்கப்பால் அவர் அறிந்த பரண், வேட்டைக் கதைகளில் வரும் 'மச்சான்' ஆகும். ஜிம் கார்பெட் குமாவோன் மலையின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-இல் வெளியிட்ட நூலும், அது போல்வனவும், மரத்தின்மேல் துப்பாக்கியுடன் மூச்சடக்கிக் காத்திருக்கும் வேட்டைக்காரனை நம் மனத்தில் நிறுத்திவிட்டன. அவ்வுருவத்தைக் கொண்டுபோய்க் கபிலரின் இதணத்தின்மேல் ஏற்றிவைத்தால் பாட்டுத் திரிந்துவிடும். இதணம் காவற்குரிய இடம், வேட்டத்திற்குரிய இடம் அன்று என்பதே நம் கருத்து.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் ஏறும் இதணம் மரத்தின்மேல் சேணோன் இழைத்தது, புலி அஞ்சுவது. அவர் அங்கே கொண்டுசெல்லும் கருவிகள் எவை? தழல், தட்டை, குளிர் என்பன. இவை யாவும் கிளி கடியும் கருவிகள். ஓசை எழுப்புதலே அவற்றின் தொழில். மலைபடுகடாத்தில் உயர்ந்த இதணம் ஏறிய காவலர் கை தட்டி ஆரவாரித்துக் கவண் கல்லால் யானையைப் பகலில் நிலைபெயரச் செய்கின்றனர். அகநானூற்று 88-ஆம் பாட்டில், பல்லியின் சொல்லை நிமித்தமாகக் கேட்டுத் தினையை அணுகும் பன்றியின் வரவு நோக்கிக் கானவன் கழுதின்மேல் நெடுஞ்சுடர் விளக்கைக் கொளுத்துகின்றான். குறுந்தொகை 150-இல் சேணோன் மூட்டிய தீக்கொள்ளி வானத்து மீன்போல் ஆங்காங்கே இமைக்கின்றது. ஒளியும் ஒலியும் கொண்டு, 'ஈண்டு ஒருவன் உளன்' என விலங்கிற்கு அறிவிப்பவன் வேட்டுவன் ஆவானோ? வேட்டுவன் தன்னை மறைப்பவன். காவலன் தன்னைக் காட்டுபவன். இவ்விருவரும் ஒரே கானவர் குடியிற் பிறந்தவராதலும், ஒருவனே இருதொழிலும் செய்பவனாதலும் கூடும். ஆனால், இடம் மாறும்போது தொழிலும் மாறுகின்றது என்பதனைப் புலவர் மறந்தாரல்லர்.

இதற்கு நற்றிணை 336-ஆம் பாட்டு நல்ல சான்று. பன்றி தன் பிணையுடன் வந்து தினையைக் கவர்கின்றது. அதனைக் கொல்லவே கானவன் துணிகின்றான். புனத்தில் பரண் இருக்க, அவன் அதன்மேல் ஏறி எய்திருக்கலாம். கபிலர் அவ்வாறு பாடவில்லை. கல் நிறைந்த வழியின் குறுகிய புழையிலே அவனைத் தங்கியிருக்கச் செய்து, வில்லால் வீழ்த்திய வெண்கோட்டு ஆண்பன்றியை மனைக்குக் கொணரச் செய்கின்றார். கொல்லக் கருதிய அளவில் அவன் நிலத்திற்கு வந்துவிட்டான். நற்றிணை 119-இல் புனவன் பன்றிக்கென மாட்டிய கல்லடாரும் நிலத்தின்மேலது. அதிற் புலி அகப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கி நள்ளிரவிற் பள்ளத்தினுள் ஒடுங்கியிருக்கின்றனர். அவ்வேட்டம் வாயாதாயின் பகலில் நாயுடன் புதர்களைக் கலைத்து, வலை வளைத்து, முயலைப் பிடிக்கின்றனர். மறைந்திருந்து காத்தல் என்பது அவர்க்குத் தெரியாத முறையன்று. அதன்பொருட்டு அவர் மண்ணைத் தோண்டினரே யன்றி மரம் ஏறினாரல்லர்.

ஈண்டு ஒரு தடை எழும். அகநானூறு 172-இல் கானவன் ஒருவன் மலர்ந்த மராமரத்தைப் பொருந்தி, அம்பு தெரிந்து, யானையின் மார்பில் அழுத்துகின்றான். இது மரத்தின்மேல் இருந்து எய்ததாகாதோ எனின், ஆகாது என்க. மேலே செல்லுதலைக் கூறுமிடத்துப் புலவர் ஆளும் சொல் 'ஏறுதல்' என்பதே. இதணம் ஏறினர், பணவை ஏறினன் என்றே வரும். 'பொருந்துதல்' அடிமரத்தோடு ஒட்டி நிற்றல். மரம் அவனுக்கு மறைவு, மேடை அன்று. மேலும் யானையின் மார்பை எய்தற்கு நிலத்தில் நிற்பானுக்கே வாய்ப்பு மிகுதி; உயரத்திலிருந்து எய்வானுக்கு முதுகும் தலையுமே முதலிற் படும்.

இனி, நம் கருத்தை வலியுறுத்தும் இரு பாடல்களை ஒருசேர வைத்துக் காண்போம். இவற்றைத் தனித்தனியே போற்றுவார் பலர். அடுத்தடுத்து வைத்து நோக்கினால் விளங்கும் உண்மை வேறு. புறநானூறு 152-இல் வன்பரணர் வல்வில் ஓரியின் வேட்டத்தைப் பாடுகின்றார். அவன் விட்ட ஓர் அம்பு வேழத்தை வீழ்த்திப் புலியைக் கொன்று, புள்ளிமான் கலையை உருட்டிப் பன்றியை வீழச்செய்து, அயலே புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது. கலித்தொகை 41-இல் மின்னொளியில் மேயும் யானையின் அடியோசை கேட்ட கானவன் ஆசினி மரத்துப் பணவையின்மேல் ஏறிக் கவண் கல்லை விடுகின்றான். அக்கல் வேங்கைப் பூவைச் சிதறி, ஆசினியின் கனிந்த பழங்களை உதிர்த்து, தேனடையைத் துளைத்து, மாவின் கொத்தை உழக்கி, வாழை மடலைக் கிழித்துப் பலாப்பழத்துள் தங்கியது. ஒரு படை தொடர்ந்து பலவற்றை ஊடுருவி இறுதியில் ஓரிடத்துத் தங்குதல் என்னும் அமைப்பு இரண்டிற்கும் ஒன்றே. நிலத்தில் நின்று விட்ட அம்பு தொட்டன எல்லாம் உயிர்கள். பணவையிலிருந்து விட்ட கல் தொட்டன எல்லாம் பூவும் கனியும் தேனும். யானை மேல் அக்கல் பட்டதாகப் பாட்டிற் செய்தியே இல்லை. படவேண்டும் என்பதும் புலவர் கருத்தன்று, அகன்றாற் போதும். உயர்நிலைக் காவலனின் படை கொல்லாது என்னும் இலக்கிய மரபினை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

காவல் தவறினால் என்னாகும் என்பதற்கும் குறிஞ்சிப்பாட்டே விடை தருகின்றது. காவலர் கள்ளுண்டு களித்துச் சோர்ந்தனர். களிறு தினைப்புனத்தை அழித்தது. சினந்த அவர் அதன் பின்னரே வில் வளைத்துக் கணை விடுகின்றனர், சீழ்க்கையும் எழுப்புகின்றனர். அதன் பயன், மதம் மிக்க வேழம் மகளிரை நோக்கி வருதலே. அதனைத் தடுத்தவன், நாயுடன் காட்டில் திரிந்து, தன்னிடமிருந்து தப்பிய விலங்கைத் தேடிவந்த தலைவன். நிலத்தில் நின்று எதிரே வருவதன் முகத்தில் அம்பு தொடுத்தான். காவலரின் வில் அரைகுறை வில். வேட்டுவனின் வில்லே வில்.

இவ்வேறுபாடு திணையமைப்பிற்கு இன்றியமையாதது என்று கூறினோம். குறிஞ்சிக் களவு தொடங்குமிடத்தை நினைத்தல் வேண்டும். தலைவி மேலே, தலைவன் கீழே. அவள் ஓட்டுகின்றாள், அவன் தேடுகின்றான். எய்த மான் தப்பி இப்பக்கம் வந்ததோ என்று அவன் வினாவுதல் துறையாகவே வளர்ந்து, திருக்கோவையாரில் 'வேழம் வினாதல்', 'கலைமான் வினாதல்' எனக் கிளவிகளாய் நிலைபெற்றது. வள்ளி புனங்காத்த கதையிலும் முருகன் வேட்டுவனாகவே வருகின்றான். பரண் வேட்டைக்குரிய இடமாயின் அவ்வினாவிற்குப் பொருள் ஏது? பரணில் இருப்பவள் தன் வேட்டையைக் கெடுத்தவனைச் சினப்பாள். வந்தவன் பிறர் எல்லையிற் புகுந்த கள்வன் ஆவான். மான் எங்கே என்ற வினா காதலின் தொடக்கமாக முடிவது, கேட்பவன் கொல்பவனும் கேட்கப்பட்டவள் கொல்லாதவளும் ஆதலினாலேயே. அவனது மான் எய்யப்பட்ட மான்தானோ என ஐயுறும் தோழியின் நகைக்கும் இதுவே இடம் தருகின்றது.

காவலும் வேட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைக் கூறி அமைவோம். அகநானூறு 102-இல் கழுதின்மேற் கானவன் கள்ளுண்டு கிடக்க, கூந்தல் உலர்த்தும் கொடிச்சி குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். தினை கவர வந்த களிறு கதிரையும் கொள்ளாது, நின்ற நிலையும் பெயராது உறங்கிவிடுகின்றது. காவலுக்குரிய ஒலி ஈண்டு இசையாகிப் புனத்தைக் காத்தது. புறநானூறு 320-இல் வீரை வெளியனார் காட்டுவது வேட்டுவன் மனைமுற்றம். யானை வேட்டுவன் ஆழ்ந்த துயிலில் இருக்கின்றான். பிற மான்களை ஈர்த்துப் பிடித்தற்கென அவன் பழக்கி வைத்திருக்கும் பார்வைப் பிணையோடு காட்டுக் கலையொன்று வந்து கூடி விளையாடுகின்றது. வேட்டுவன் விரும்பிய சூழல் தானே வாய்த்தது. கண்ட மனைவியோ, கணவன் விழித்துக்கொள்வானோ என அஞ்சுகின்றாள். கலை பிணையைப் பிரிந்து போமோ எனவும் அஞ்சுகின்றாள். ஆதலின் அடி பெயர்க்காமல் நிற்கின்றாள். அவ்வமைதியைப் பயன்படுத்திக் கானக்கோழியும் இதலும் முற்றத்தில் உலரும் தினையைக் கல்லென்ற ஒலியுடன் கவர்ந்து உண்கின்றன. பரணில் இருந்தால் ஒரு தட்டையொலியில் ஓட்டப்பட வேண்டிய புட்கள் அவை. அவள் ஓட்டவில்லை. அத்தினை பரப்பப்பட்டிருந்தது மான்தோலின்மேல்.