அகலத் திரையில் ஒரு தனிமை

குரு தத் இயக்கி நடித்து 1959இல் வெளிவந்த ‘காகஸ் கே பூல்’, அதாவது ‘காகிதப் பூக்கள்’, என்னும் இந்திப் படம், புகழின் உச்சியிலிருந்த சுரேஷ் சின்ஹா என்ற திரைப்பட இயக்குநன் மனைவியைப் பிரிந்து, மகளை வளர்க்கும் உரிமையை இழந்து, காதலும் கைகூடாமல் குடியில் அழிவதைக் கூறுகிறது. அந்த அகப்போராட்டத்தை வசனத்தைக் காட்டிலும் வெளிச்சத்தாலும் வெற்றிடத்தாலும் உணர்த்தியதே இப்படத்தின் தனிச்சிறப்பு.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமும் இதுவே. காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் படச்சுருளில் பதிவுசெய்து, திரையிடும்போது மீண்டும் விரித்துக் காட்டும் லென்ஸைக் கொண்ட இம்முறை, ஹாலிவுட்டில் பிரம்மாண்டத்துக்கென்றே பெரிதும் கையாளப்பட்டது. குரு தத்தும் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தியும் அந்த அகலத்தைக் கொண்டு இரண்டு மனிதர்களுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்தார்கள்.

எஸ். டி. பர்மன் இசையில் கீதா தத் பாடிய பாடலின் காட்சியில் இந்த உத்தி முழுமை பெறுகிறது. ஆளற்ற படப்பிடிப்புத் தளத்தில் சுரேஷும், அவன் நாயகியாக்கிய ஷாந்தியும் (வஹீதா ரஹ்மான்) எதிரெதிரே நிற்க, மேலிருந்து ஒரு பெரும் ஒளிக்கற்றை தூசியினூடே சரிந்து விழுகிறது. விளக்குகளால் இத்தகைய இணைகதிர் கிடைக்காது என்பதால், மூர்த்தி இரண்டு பெரிய கண்ணாடிகளைக் கொண்டு வெளியிலிருந்த வெயிலையே தளத்துக்குள் திருப்பினார். இருவரும் வாயசைப்பதில்லை, பாடல் எங்கிருந்தோ ஒலிக்க, அவர்களுடைய நிழலுருக்கள் மட்டும் உடலைவிட்டுப் பிரிந்து அந்த ஒளியை நோக்கி நடக்கின்றன. சொல்ல இயலாத காதலுக்கு இந்தியத் திரைப்படம் கண்ட மிக உயர்ந்த காட்சிவடிவம் இதுவென்று துணிந்து கூறலாம். மூர்த்திக்கு இப்படம் ஃபிலிம்ஃபேர் விருதையும் பெற்றுத் தந்தது.

படம் முழுவதும் இந்த உயரத்தில் நிற்கவில்லை. நடிகர் ஜானி வாக்கரின் நகைச்சுவைக் கிளைக்கதை உணர்வோட்டத்தை அறுக்கிறது; சுரேஷின் மேட்டுக்குடி மாமனார் குடும்பமும் கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறது. வணிகத்தில் தோற்ற இப்படத்துக்குப் பின் குரு தத் தம் பெயரில் வேறெந்தப் படத்தையும் இயக்கவில்லை.

பலரும் வியந்து பேசுவது, இயக்குநரின் நாற்காலியிலேயே சுரேஷ் உயிர்விடும் முடிவை. ஆனால் அதற்குச் சற்று முன்பு, துணை நடிகனாக வந்து நிற்கும் அவனை ஷாந்தி அடையாளம் கண்டதும் அவன் தப்பியோட, பின்தொடரும் அவளை ரசிகர் கூட்டம் வழிமறிக்கும் காட்சி அதைவிடக் கூர்மையானது. அதுவரை வெறுமையால் பிரித்த அதே அகலச் சட்டகம், இங்கே மனிதர்களால் நிரம்பி இருவரையும் பிரிக்கிறது.