வென்றவனை விடாத கண்கள்

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளுக்குச் 'சாகா' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள், அவற்றில் எழுந்து நடக்கும் பிணங்களுக்குத் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது நம்மூர்ப் பேச்சு. இந்தப் பிணங்களோ கூரைமேல் ஏறி உதைக்கும், மாட்டின் எலும்பை முறிக்கும். இவற்றை வீரன் அடக்கும் சாகசம் என்று படிப்பதே வழக்கம். ஆனால் பிணத்தைத் தனி ஒருவன் கைபலத்தால் அடக்கினால் கணக்கு தீர்வதில்லை, அடக்கியவன் தலையில் விழுகிறது என்பதையே இக்கதைகள் காட்டுகின்றன.

கிரெத்திர் சாகாவில் வரும் கிளாம் சுவீடனிலிருந்து வந்த இடையன். கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் விரதத்தை எள்ளி, வயிறாரத் தின்று மலைக்குப் போனவன் அங்கேயே செத்துக் கிடக்கிறான். கற்களைக் குவித்து மூடியும் அடங்கவில்லை. அவனை அடக்க வந்த கதைநாயகன் கிரெத்திர், கிளாம் வேலைபார்த்த பண்ணைவீட்டுக் கூடத்தில் முரட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்துக் கிடக்கிறான். கிளாம் போர்வையை இழுக்க, இவனும் இழுக்க, அது நடுவே கிழிகிறது. கட்டிப் புரண்டு வாசலுக்கு வெளியே விழும்போது மேகம் விலகி, நிலவொளி பிணத்தின் கண்களில் படுகிறது. வாளை உருவிக் குத்த வேண்டிய கிரெத்திரின் கை அசையவில்லை. அந்த நேரத்தில்தான் கிளாம் சாபமிடுகிறான்: வரவேண்டிய வலிமையில் பாதிதான் உனக்கு, என் கண்கள் எப்போதும் உன்முன் நிற்கும். பிறகு தலை வெட்டுப்படுகிறது, உடல் எரிகிறது, சாம்பல் ஆள்நடமாட்டமில்லாத இடத்தில் புதைகிறது. ஆனால் கிரெத்திருக்கு அன்றுமுதல் இருட்டென்றால் பயம்.

கிரெத்திரைக் கெடுத்தது சாபமல்ல, அவன் முன்கோபம் என்று ஒருவர் மறுக்கலாம். சிறுவயதிலேயே குதிரையின் முதுகுத்தோலை உரித்தவன்தான் அவன். பின்னாளில் சட்டத்தின் காப்பை இழந்தவனாக அவன் திரிந்ததற்குக் கோபம் காரணமாகலாம், சாவுக்குப் போதாது. இருட்டில் தனியே இருக்க முடியாததால்தான், கொல்ல வந்தவர்களையே துணைக்கு வைத்துக்கொள்கிறான். கடைசியில் திராங்கே தீவின் செங்குத்துப் பாறைமேல், ஏணியைத் தூக்கிவைக்க வேண்டிய வேலைக்காரன் அசட்டையாக இருந்துவிடுகிறான், பகைவர்கள் ஏறிவருகிறார்கள். அந்தத் தீவுக்கு அவன் துணையோடு போனதற்கும் அதே பயம்தான் காரணம்.

எயிர்பிக்கியா சாகாவைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரிகிறது. பிரோதா பண்ணையில் கடலில் மூழ்கிச் செத்தவர்கள் ஈரத்துணியோடு வந்து அடுப்பருகே குளிர்காய்கிறார்கள். 30 வேலையாட்களில் 18 பேர் சாகிறார்கள். அங்கே யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. வாசலில் மன்றம் கூட்டி, அழைக்காமல் வீட்டுக்குள் புகுந்து உயிரையும் உடல்நலத்தையும் பறித்ததாக ஒவ்வொரு பிணத்தின்மீதும் வழக்குத் தொடுக்கிறார்கள். பாதிரியாரின் புனிதநீரே பேய்களை விரட்டியது என்பாரும் உண்டு. கதையின் வரிசை அதற்கு இடம் தரவில்லை. தீர்ப்புக்குப் பிறகே அவர் வீட்டை மந்திரிக்கிறார். அதற்குள், உட்கார முடிந்தவரை உட்கார்ந்தாயிற்று என்று முனகியபடி பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, மன்றம் கூடாத மறுவாசல் வழியாகப் போய்விட்டிருந்தன.