கைவாகு

வேலூர், ஆம்பூர் பக்கம் தோல் தரம் பிரிக்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். தோலைக் கையில் எடுப்பார்கள். மடிப்பார்கள், கட்டைவிரலால் அழுத்துவார்கள், திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள். அப்புறம்தான் விலை. பி.காம். படித்த என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு இது தலைகீழ்ப் பாடம். நாங்கள் விலையைக் கேட்டுவிட்டுத்தான் பொருளையே பார்ப்போம்!

இந்தக் கை ஞானம் ரொம்பத் தேவைப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. பூல் ஆடுகிறவர்கள் சொல்லிச் செய்துகொள்ளும் கியூ. இரண்டு துண்டு மரம், சுமார் 58 அங்குலம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. இதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: ‘ஃபீல்.’

இந்தக் கலையின் பெரிய பெயர் ஜார்ஜ் பலபுஷ்கா. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மனிதர். 1959-ல் தொடங்கி 1975-ல் இறக்கும்வரை கியூ செய்தார். 1986-ல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பால் நியூமன், டாம் குரூஸுக்குப் பரிசாகக் கொடுப்பது ஒரு பலபுஷ்கா. கதைப்படிதான்! படப்பிடிப்பில் இருந்தது அதே சாயலில் ஜாஸ் கம்பெனி செய்த கியூ. பார்த்த நமக்கா தெரியும்? பெயரைக் கேட்டதும் பரவசப்பட்டோம். ஆம்பூரில் தைத்த ஷூ வெளிநாட்டு முத்திரையோடு கப்பலேறுவதும் இதே கணக்குதான்.

சரி, ஃபீல் என்பது வெறும் கதையா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம். கியூ பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுமாராக. கையில் அந்த அதிர்வு உறைப்பதற்குள் பந்து போய்விடுகிறது. இணைப்பில் ஸ்டீலா, மரமா என்று சண்டை போடுகிறார்களே, அதில் பாதி சத்தத்தைப் பற்றிய சண்டை.

பந்தின் போக்கை மாற்றுகிற வித்தியாசங்கள் வேறே. கியூவின் முன்பகுதி எடை குறைந்தால், ஓரத்தில் அடிக்கும்போது பந்து குறி தவறி விலகுவதும் குறைகிறது. 2016-ல் பிரிடேட்டர் கம்பெனி கார்பன் ஃபைபரில் ‘ரெவோ’ கொண்டுவந்தது இதற்காகத்தான். மேப்பிள் மரத்தில் பழகிய கைகளுக்கு அது உயிரில்லாத குழாய் மாதிரி இருக்கும். கையைக் கேட்டால் மரம். பந்தைக் கேட்டால் கார்பன்.

எல்லாவற்றுக்கும் மேலே, நுனியில் ஒட்டியிருக்கும் தோல். பூல் கியூவில் 13 மில்லிமீட்டர் அகலம், ஸ்னூக்கரில் இன்னும் சின்னது. 1800-களின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் தோல் நுனியோடு ஆடிக் காட்டியபிறகுதான் பந்தைச் சுழற்றுவதே ஒரு வித்தையானது. இன்று ஜப்பானின் ‘கமுயி’ பன்றித்தோலை அடுக்கடுக்காக ஒட்டி விற்கிறது. மெத்தென்ற நுனி சாக்பீஸை நன்றாகப் பிடிக்கும். சீக்கிரம் காளான் மாதிரி விரிந்துவிடும். கெட்டி நுனி வடிவம் மாறாது. வழுக்காமலிருக்க அடிக்கடி சாக்பீஸ் கேட்கும். ஆவாரம்பட்டையில் ஊறிய கெட்டித்தோல் அடிப்பாகத்துக்கு, குரோம் போட்ட மெதுதோல் மேல்பாகத்துக்கு என்று பிரித்த நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை.

என் தீர்ப்பு: உங்கள் கை நீளத்துக்கும் எடைக்கும் அளவெடுத்துச் செய்த கியூ காசுக்குத் தகும். தந்த நிற இழைப்பும் கருங்காலி வேலைப்பாடும் கண்ணுக்கு. அழகுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் குறி தவறுகிறது என்பதற்காகப் புது கியூ வாங்கக் கிளம்பினால், முதலில் பழசின் நுனியை மாற்றிப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கையில் எடுங்கள். விலைச்சீட்டை அதற்கப்புறம் திருப்பலாம்.