ஒற்றியூர்க் கோயிலில் குடியிருக்கும் ஊர்க்காரர்கள்

சாமி கும்பிட்டு முடித்த பிறகும் வடசென்னைத் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலை விட்டு வெளியே வர எனக்கு மனசே வராது. அங்கே குடியிருக்கிற ஊர்க்காரர்கள்தான் காரணம். ஐரோப்பாவில் பல ஊர்களில் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் உள்ளூர்ப் பெரியவர்களைப் பதித்துக் கொண்டாடுகிறார்கள். நம் ஒற்றியூரோ கல்லிலும் கதையிலும் திருவிழாவிலும் தன் மக்களை வைத்துக் கொண்டாடுகிறது!

முதலில் கலிய நாயனார். இதே ஊர்ச் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகம் செய்தவர். கோயிலில் விளக்கேற்றுவதே அவர் தொண்டு. செல்வமெல்லாம் கரைந்ததும் கூலிக்குச் செக்காட்டினார், வீட்டை விற்றார், விளக்கை அணையவிடவில்லை. ஒன்றுமே மிஞ்சாத நாளில், எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே வார்க்கக் கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். இன்று அறுபத்துமூவர் வரிசை உள்ள எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் அதில் நம் வடசென்னைச் செக்குக்காரர் நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அடுத்து சங்கிலி நாச்சியார். ஞாயிறு கிராமத்தில் பிறந்து, இங்கே கன்னிமாடத்தில் தங்கிச் சாமிக்குப் பூத்தொடுத்தவர். மணம் கேட்டு வந்த சிவனடியார் சுந்தரர், "பிரியமாட்டேன்" என்று சன்னதியில் சத்தியம் செய்தாலும் அது தன்னைக் கட்டாதிருக்க ஒரு திட்டம் போட்டார். அந்த நேரம் மட்டும் மகிழமரத்தடியில் போய் இருக்கும்படி சிவனிடம் வேண்டிக்கொண்டார். சிவனோ சங்கிலியிடம், "மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார்! வாக்கை மீறிய சுந்தரருக்குக் கண்ணே போயிற்று. பூத்தொடுத்த பெண்ணின் பக்கம் நின்ற தெய்வம் இது. எவ்வளவு அழகு!

கல்வெட்டுகள் இன்னும் பிரமாதம். 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அவனுடன் இருந்து சாக முடியவில்லையே என்று நொந்த கேரளத்துப் போர்வீரர் வல்லபர் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இங்கே மடத்தலைவரானார். 959-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அதே பெயர் தாங்கிய மடத்தலைவர் சொல்ல, கருங்கல்லில் விமானம் எழுப்பியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன். பின்புறம் வளைந்த தூங்கானை மாடம் அது. மன்னன் பெயரோடு உளி பிடித்தவர் பெயரையும் வெட்டிவைத்த மனசுக்கு ஒரு கும்பிடு!

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கினால் கோயில் பக்கம்தான். மாசித் திருவிழாவில், அந்த மகிழமரத்தடிச் சத்தியத்தைக் கொண்டாடும் மகிழடி சேவை நடக்கும்போது வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். எண்ணெய்க்காரர், பூத்தொடுத்த பெண், தச்சர், போர்வீரர் எல்லாரையும் பெயர் சொல்லி அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். வடசென்னையின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.